சணல் நூற்பு இயந்திரத்தின் கதிர்களைத் திருத்துவது: எதை முதலில் தொட வேண்டும்?

கிளிநொச்சிப் பக்கத்தில் பழைய சணல் நூற்பு இயந்திரம் ஒன்றை வாங்கிப் பொருத்தி, சாக்குத் தைக்கும் நூலும் கொடி கட்டும் நூலும் திரித்து வரும் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். கதிர்கள், அதாவது நூலைத் திரிக்கும் ஸ்பிண்டில்கள், அதிர்கின்றன, பெயாரிங்குகள் ஒரு போகம்கூடத் தாங்குவதில்லை, நூல் ஓயாமல் அறுகிறது. இந்த நிலையில் கதிர்த் தொகுதிகளை முழுமையாகக் கொல்கத்தாவிலிருந்து புதிதாகத் தருவிப்பதா, வவுனியாவில் உள்ள கடைச்சல் பட்டறையில் தேவையான பாகங்களை மட்டும் செய்விப்பதா, அதன் பின்னர் நிமிடத்துக்கு 3000 சுற்றாக இருக்கும் வேகத்தை 4000 ஆக உயர்த்தலாமா?

பெரும்பாலான திருத்தத்தை இங்கேயே செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. சணல் நூற்பில் கதிரைத் தனியொரு பாகமாகப் பார்க்கக் கூடாது. நாடா, கப்பி, பெயாரிங், ஃபிளையர் (பொபினைச் சுற்றி ஓடி நூலை முறுக்கும் இரு கால் கவை), பொபின் (நூல் சுற்றப்படும் உருளை), பொபினின் அடியில் கிடக்கும் கம்பளி வொஷர் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கதிர் வேலை செய்கிறது. இவற்றில் எது பிசகினாலும் கடைசியில் அறுவது நூல்தான் என்பதால், நூல் அறுவதை மட்டும் வைத்துப் பழுது எங்கே என்று சொல்ல முடியாது. அதோடு, நாற்பது கதிர் உள்ள ஓர் இயந்திரத்தில் ஐந்து கதிர்கள் மிகச் சிறப்பாக ஓடுவதால் பயனில்லை. நாற்பதும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஒரே மோட்டரில் ஓடும் இயந்திரத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளவற்றுள் மிக மோசமான கதிர்தான்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்னர் ஒரு வாரம் கணக்கு வையுங்கள். நூல் அறும் ஒவ்வொரு தடவையும், அதை இணைக்கும் பிள்ளை அந்தக் கதிருக்கு நேரே சட்டத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போடட்டும். வார முடிவில் கோடுகள் சில கதிர்களுக்கு நேரே குவிந்திருந்தால் பழுது அந்தக் கதிர்களில் இருக்கிறது. எல்லாக் கதிர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருந்தால் பழுது சணலில், அதன் ஈரத்தில், அல்லது இழையை நீட்டும் உருளைகளில் இருக்கிறது. அப்போது கதிருக்கு எவ்வளவு செலவழித்தாலும் பலன் இராது. சணலுக்கு வணிகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஈர அளவு 13.75 வீதம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் வெக்கைக்குத் திறந்த கொட்டகையில் கிடக்கும் சணல் அந்த அளவில் நிற்காது. இழை மொரமொரத்துத் தும்பு பறக்கும், நூல் மயிர்விடும். கோடுகள் பரவி நின்றால் முதலில் அறையை அடைத்து, தரைக்கு நீர் தெளித்து, ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கோடுகள் குவிந்து நிற்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன். உங்களிடம் இருக்கும் இயந்திரம் எந்த வகை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பழைய வகையில் கதிரே சுற்றும். அதன் உச்சியில் ஃபிளையர் திருகப்பட்டிருக்கும். கழுத்தில் ஒரு புஷ்ஷும் அடியில் எண்ணெய்க் குழியோடு கூடிய ஒரு தாங்கியும் கதிரைப் பிடித்திருக்கும். பிந்திய வகையில் ஃபிளையர் மேலே பெயாரிங்குகளில் தொங்கியபடி நாடாவால் சுற்றும். நடுவில் உள்ள கதிர் சுற்றாமல் பொபினை மட்டும் தாங்கும். இரண்டிலும் வேலை நடக்கும் விதம் ஒன்றே. ஃபிளையர் முன்னே ஓட, நூலால் இழுபட்டுப் பொபின் சற்றுப் பின்தங்கி ஓடுகிறது. அந்தப் பின்தங்கலில்தான் நூல் சுற்றப்படுகிறது. ஃபிளையர் 4000 சுற்று ஓடி, அங்குலத்துக்கு 4 முறுக்கு விழ வேண்டுமானால், நிமிடத்துக்கு 1000 அங்குல நூல் வெளிவரும். அந்த நூலைச் சுற்றிக்கொள்ள, ஒன்றரை அங்குல விட்டமுள்ள வெறும் பொபின் ஃபிளையரைவிட ஏறக்குறைய 212 சுற்றும், 3 அங்குலத்துக்கு நிரம்பிய பொபின் 106 சுற்றும் குறைவாக ஓடினால் போதும். அதாவது பொபினை 3780 சுற்றுக்கு மேல் ஓட்டிக்கொண்டிருப்பது மோட்டர் அன்று, அந்த மெல்லிய நூல். பொபினில் ஏற்படும் ஒவ்வொரு உரசலையும் அந்த நூல்தான் தாங்குகிறது என்பதை மனதில் வைத்தால், இனிச் சொல்லப்போகும் அளவுகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பது விளங்கும்.

அதிர்வுக்கு முதற் காரணம் பெரும்பாலும் ஃபிளையர். 108 மில்லிமீற்றர், அதாவது நாலேகால் அங்குல இடைவெளியில் கதிர்கள் நிற்கும் இயந்திரத்தில் ஃபிளையரின் கால் மையத்திலிருந்து ஏறக்குறைய 45 மில்லிமீற்றர் தூரத்தில் சுற்றுகிறது என்று கொள்வோம். ஒரு கால் மற்றதைவிட 1 கிராம் கூடுதலாக இருந்தால், 3000 சுற்றில் அந்த ஒரு கிராம் ஏறக்குறைய 450 கிராம் பாரம்போல வெளியே இழுக்கும். 4000 சுற்றில் அதே ஒரு கிராம் 800 கிராமுக்கு மேல் இழுக்கும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூட, இழுவை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடுகிறது. அந்த இழுவை ஒரு பக்கமாக நின்றுவிடாமல் செக்கனுக்கு 66 தடவை திசை மாறிக் கழுத்தை அடிக்கிறது. பொதுவான இயந்திரச் சுழலிகளுக்குக் கடைப்பிடிக்கப்படும் சமநிலைத் தரமான ஜி 6.3 ஐ 4000 சுற்றுக்குக் கணக்கிட்டால், அரைக் கிலோ எடையுள்ள ஒரு ஃபிளையரின் கால்களுக்கிடையே அனுமதிக்கத்தக்க வேறுபாடு ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்குதான்.

இந்தச் சமநிலை எங்கே கெடுகிறது என்று தேடினால், நூல் வெளியேறும் கண்ணில்தான் பெரும்பாலும் அகப்படும். சணல் உரசி உரசி உருக்கிலேயே தடம் விழும். தடத்தின் ஓரம் கத்திபோல் கூராகி நூலைச் சீவும். கண்ணுக்குள் சிறிது பஞ்சை இழுத்துப் பாருங்கள். இழை சிக்கி நின்றால் அந்தக் கண் போய்விட்டது. பட்டறையில் இதற்குச் செய்யும் வழமையான வைத்தியம் வெல்டிங் போட்டுத் தடத்தை நிரப்பி அரத்தால் தேய்ப்பது. இதை நான் அறவே ஏற்கமாட்டேன். வெல்டிங்கின் சூட்டில் கால் வளைகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் உலோகம் ஏறுகிறது. ஏற்றிய உலோகம் மென்மையானதால் சீக்கிரமே மறுபடியும் தடம் விழுகிறது. கண்ணை இரண்டு காலிலும் ஒரே அளவுக்குத் துளைத்து, செரமிக் வளையம் அல்லது கடினமாக்கிய உருக்கு வளையம் ஒன்றைப் பதிப்பதே சரி. ஒரு காலால் மட்டும் நூல் போகிறதென்றாலும் இரண்டு காலிலும் வளையம் இருக்க வேண்டும்.

வளையம் பதித்த பின்னர் ஃபிளையரை நிலைச் சமநிலைக்குக் கொண்டுவருவதைக் கொட்டகையிலேயே செய்யலாம். மேல் விளிம்பை ஒடுக்கமாகவும் நேராகவும் அரைத்த இரண்டு உருக்குத் தகடுகளை, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிறுத்துங்கள். ஃபிளையரின் துளையில் ஆட்டமில்லாமல் பொருந்தும் ஒரு நேரான தண்டைச் செருகி, தண்டின் இரு முனைகளும் அந்த விளிம்புகளில் தங்குமாறு மெதுவாக வையுங்கள். காற்றாடியை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டுச் செய்ய வேண்டும், ஏனென்றால் சிறிய காற்றுக்கும் அது உருளும். பாரமான கால் கீழே வந்து நிற்கும். அதில் வெண்கட்டியால் அடையாளமிட்டு, கண்ணுக்கு அருகே தொடாமல் தோள்ப்பக்கத்தின் உட்புறத்தில் மெல்ல அரைத்து, எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்கும்வரை தொடருங்கள். 3000 சுற்றுக்கு இது போதும். 4000 சுற்றுக்குப் போக வேண்டுமென்றால், ஃபிளையர் நீளமான பாகமாதலால் மேலும் கீழும் எதிரெதிராக இருக்கும் ஏற்றத்தாழ்வை இந்த முறை காட்டாது. ஓட்டத்தில் வைத்துச் சமப்படுத்தும் இயந்திரம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். புதிதாக வாங்கப் பணம் ஒதுக்குவதென்றால் அதை நல்ல ஃபிளையர்களுக்கே ஒதுக்குங்கள்.

பழைய அலுமினியத்தை உருக்கி இங்கேயே ஃபிளையர் வார்த்துத் தருவதாக யாரும் சொன்னால் உடன்படாதீர்கள். அலுமினியம் உருக்கைவிட மூன்றில் ஒரு பங்கு எடையே உள்ளது என்பது உண்மை. அலுமினியக் கலவையில் ஃபிளையர் செய்வதும் உண்டு. ஆனால் கண்டபடி உருக்கி வார்த்ததில் உள்ளே காற்றுக் குழிகள் இருக்கும். 4000 சுற்றில் அந்தக் கால் மணிக்கு ஏறக்குறைய 68 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அது முறிந்தால், நூலை இணைக்கக் குனிந்து நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரேதான் வரும்.

கதிர் சுற்றும் வகையாக இருந்தால், வளைவைப் பார்ப்பது அடுத்த வேலை. கதிரை V வடிவ வெட்டுள்ள இரண்டு கட்டைகளில் வைத்து, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜின் முள்ளை நடுவிலும் நுனியிலும் தொடவைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். முள் மொத்தமாக 0.03 மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் 4000 சுற்றுக்கு அந்தக் கதிர் உதவாது. கேஜ் காட்டும் ஆட்டத்தில் பாதிதான் மையம் விலகியிருக்கும் தூரம் என்பதால், 0.03 என்பது ஏறக்குறைய மேற்சொன்ன சமநிலை அளவுக்கே வந்து சேருகிறது. இங்கேதான் நம்முடைய பட்டறைகளோடு கொஞ்சம் பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. வன்னியில் லேத் வைத்திருப்பவர்களின் கைகள் நெல் ஆலைத் தண்டிலும், லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்திலும், நீர்ப்பம்பிகளிலும் பழகியவை. அந்த வேலைகளில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். கதிரில் அதே பிசகு பேரதிர்வாகிவிடும். அவர்களின் திறமையில் எனக்கு ஐயமே இல்லை. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைக் கடதாசியில் எண்ணாக எழுதிக் கொடுத்தால் செய்து தருவார்கள். பழைய உழவு இயந்திரத்தின் அச்சை வெட்டிக் கதிர் கடைவது மட்டும் வேண்டாம். என்ன உருக்கு, எப்படிப் பதப்படுத்தியது என்று தெரியாத இரும்பு, கடைந்து முடிந்த பின்னரும் உள்ளிறுக்கம் தளர்ந்து வளையும்.

பழைய இயந்திரம் டண்டீ, பெல்பாஸ்ற் ஊர்களின் வடிவமைப்பில் வந்ததாக இருந்தால், அதன் மரைகள் விற்வேர்த் முறையில் 55 பாகைக் கோணத்தில் இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் மெற்றிக் மரைகள் 60 பாகை. இரண்டும் முதல் இரண்டு சுற்றுக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். வலிந்து இறுக்கினால் ஃபிளையரின் மரை அழிந்து, அது மையத்தில் உட்காராமல் சாய்ந்துவிடும். மரை அளவியை வைத்துப் பார்க்காமல் ஒன்றும் வெட்ட விடாதீர்கள்.

இனிப் பெயாரிங். ஒரு போகத்தில் பெயாரிங் போய்விடுகிறது என்றதும் பலர் இதைவிடப் பெரிய பெயாரிங்கைப் போடச் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 17 மில்லிமீற்றர் துளையும் 40 மில்லிமீற்றர் வெளி விட்டமும் உள்ள 6203 பெயாரிங்கின் இயங்கு பளுத் திறன் ஏறக்குறைய 9500 நியூட்டன். ஒரு கிராம் ஏற்றத்தாழ்வு 4000 சுற்றில் தருவது, முன்னர் சொன்ன 800 கிராம் இழுவை, ஏறக்குறைய 8 நியூட்டன்தான். நாடாவின் இழுவையைச் சேர்த்தாலும் அது அந்தத் திறனுக்கு முன்னால் ஒரு பொருட்டன்று. ஆகவே அது பளு தாங்காமல் சாகவில்லை. தூசியாலும், தும்பாலும், பொருத்தும்போது பட்ட அடியாலும் சாகிறது.

கழற்றிய பெயாரிங்கைத் தூக்கி எறிவதற்கு முன்னர் விரலில் செருகி மிக மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரே இடைவெளியில் நொடி நொடியாகத் தட்டுப்பட்டால், அதைச் சுத்தியலால் வெளி வளையத்தில் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்துவிட்டன. மணல்போல் கரகரத்தால் தூசி போயிருக்கிறது. தடையின்றி ஓடி, ஆனால் உள்ளே உலர்ந்திருந்தால் கிறீஸ் வெளியேறிவிட்டது. இந்த மூன்றாவது வகைக்குச் சணல் ஆலைகளில் ஒரு தனிக் காரணம் உண்டு. கப்பிக்கும் பெயாரிங்குக்கும் இடையே தும்பு சுற்றி வளையமாக இறுகி, திரிபோல் செயற்பட்டு உள்ளிருக்கும் கிறீஸை உறிஞ்சி வெளியே கொண்டுவருகிறது. இதற்கு மருந்து, இரும்பு மூடியுள்ள பெயாரிங்கை விட்டு இருபக்கமும் ரப்பர் மறைப்புள்ளதை எடுப்பதும், அதற்கு மேல் சுழலும் பாகத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு குடை மூடியைக் கடைந்து போடுவதும். மூடியின் விளிம்பு நிலையான உடலை அரை மில்லிமீற்றர் இடைவெளியில் சூழ்ந்து இறங்க வேண்டும். தும்பு உள்ளே போக வழி தேடும்போது சுழலும் விளிம்பு அதை வெளியே எறிந்துவிடும். கடைச்சல் பட்டறையில் செய்யக்கூடிய வேலைகளுள் மிகக் குறைந்த செலவில் மிகக் கூடிய பலன் தருவது இதுவே.

ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் தாங்கும் குழாய்த் துண்டொன்றை வைத்து அழுத்துங்கள். தண்டு தேய்ந்து பெயாரிங் தளர்வாக இருந்தால், தண்டில் பஞ்ச் அடித்துப் புள்ளிகளை எழுப்பி இறுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அந்தப் புள்ளிகள் சில நாட்களில் நசுங்கிவிடும், அதற்கிடையில் பெயாரிங் மையம் தவறியே ஓடும். சிறிய தளர்வுக்கு உருளைப் பொருத்தங்களுக்கென்றே விற்கும் லொக்டைட் வகைப் பசை போதும். தேய்வு அதிகமானால் தண்டைக் கடைந்து ஒரு கவசக்குழாய் ஏற்றி மீண்டும் அரைக்க வேண்டும். கழுத்தில் புஷ் உள்ள வகையானால், பொஸ்பர் வெண்கலத்தில் கடையுங்கள். 16 மில்லிமீற்றர் தண்டுக்கு 0.02 முதல் 0.03 மில்லிமீற்றர் இடைவெளி, அடிக்குழிக்கு மெல்லிய ஸ்பிண்டில் எண்ணெய். வண்டிக்கு ஊற்றும் தடித்த எண்ணெய் அங்கே சூட்டைத்தான் கூட்டும்.

நூல் அறுவதோடு நேரடியாகத் தொடர்புள்ளது பொபினின் தடை. கம்பளி வொஷர் தரும் உரசலே பொபினைப் பின்தங்க வைக்கிறது. அந்தத் தடை மாறாமல் இருக்க, பொபினின் விட்டம் பாதியானால் நூலின் இழுவிசை இரண்டு மடங்காகிறது. வெறும் பொபினில் ஓட்டத் தொடங்கும்போது நூல் அதிகம் அறுவதற்கு இதுவே காரணம். பொபின் நிரம்ப நிரம்ப எடை கூடி உரசலும் கூடுவதால் இந்த வேறுபாடு ஓரளவு தானே சரியாகிறது. ஆகையால் வொஷரை எடுத்துவிட்டுப் பொபினின் கீழும் பெயாரிங் போடலாம் என்ற யோசனை தவறு. நூலைச் சுற்றுவதற்கு அந்த உரசல் வேண்டும், எல்லாக் கதிரிலும் ஒரே அளவாக வேண்டும். ஒரே பொபினை எடுத்து ஒவ்வொரு கதிரிலும் வைத்து, அதில் சுற்றிய நூலின் முனையை ஒரு சிறிய வில் தராசில் மாட்டி மெதுவாக இழுத்து, காட்டும் கிராமை எழுதுங்கள். முதற்தடவை அளக்கும்போது கதிருக்குக் கதிர் உள்ள வேறுபாடு உங்களை வியக்கவைக்கும். சணலை மென்மையாக்கத் தெளித்த எண்ணெய் வொஷரில் ஊறி, நாட்பட்டுப் பசையாக இறுகியிருக்கும். தாவர எண்ணெய் தெளிக்கும் இடங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். வொஷர்களை ஒவ்வொன்றாக மாற்றாமல், ஒரே தடிப்புள்ள ஒரே கம்பளியிலிருந்து வெட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். அவை உட்காரும் தட்டில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் லேத்தில் சமப்படுத்துங்கள். மறுபடியும் அளக்கும்போது சராசரியிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் எதுவும் விலகக் கூடாது. துளை தேய்ந்து ஆடும் பொபின்களை வேறாக்கிவிடுங்கள்.

நாடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கப்பியின் விட்டம் கதிருக்குக் கதிர் மாறினால் முறுக்கும் மாறும்: 40 மில்லிமீற்றர் கப்பி 39 ஆகத் தேய்ந்தால் அந்தக் கதிர் ஏறக்குறைய இரண்டரை வீதம் வேகமாக ஓடும். தளர்ந்த நாடா வழுக்கினால் முறுக்குக் குறைந்து நூல் சோர்ந்துவிடும். இறுக்கும் கப்பியின் கை துருப்பிடித்து நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நாடாவின் பொருத்து தடித்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை விழும்.

வேகத்தை இவை எல்லாம் முடிந்த பின்னரே தொடுங்கள். மோட்டரின் வேகத்தை மாற்றும் இன்வேர்ட்டர் ஒன்றைப் போட்டால் தொடக்கம் மெதுவாக இருக்கும், தொடங்கும்போது அறும் நூலும் குறையும். ஆனால் 50 ஹேர்ட்ஸில் கதிருக்கு 3000 சுற்றுத் தரும் மோட்டரை 67 ஹேர்ட்ஸுக்கு ஏற்றி 4000 ஆக்குவதைவிட, மோட்டரின் கப்பியை மாற்றிக்கொண்டு 50 ஹேர்ட்ஸுக்குள் ஓட்டுவது நல்லது, ஏனென்றால் 50 ஐத் தாண்டினால் மோட்டரின் முறுக்குவிசை குறைந்துகொண்டே போகும். ஃபிளையர்கள் காற்றைக் கிழிக்கச் செலவாகும் வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 3000 இலிருந்து 4000 க்குப் போகும்போது அந்தப் பங்கு மட்டும் ஏறக்குறைய 2.4 மடங்காகும். இப்போதுள்ள மோட்டர் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அளந்துவிட்டே முடிவெடுங்கள். ஃபிளையர் திருகும் வகையானால், மும்முனை மின்கம்பி வேலை நடந்த ஒவ்வொரு தடவையும் மோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று நாடாவைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். எதிர்த் திசையில் தொடங்கினால் ஃபிளையர்கள் தாமாகக் கழன்று பறக்கும். மும்முனைகளின் வரிசை மாறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே ஒன்றைப் பொருத்திவிடுவது இன்னும் பாதுகாப்பு.

ஒவ்வொரு தடவையும் 200 சுற்று மட்டும் கூட்டி, அந்த வேகத்தில் மறுபடியும் வெண்கட்டிக் கணக்கு வைத்து, அறுதல் கூடாவிட்டால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். 3600 இல் கோடுகள் பெருகத் தொடங்கினால் அதற்குக் கீழுள்ள படியில் நிறுத்தி, எந்தக் கதிர்களுக்கு நேரே பெருகுகின்றன என்று பார்த்து அந்த ஃபிளையர்களை மட்டும் ஓட்டச் சமநிலைக்கு அனுப்புங்கள்.